சடையனின் மான்தோல் சட்டை

மலை உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு குகையில் அமிர்தம்மை என்ற துறவி இருந்தார். வயது நாற்பதுக்குள்தான். ஆனால் அவரைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கும்.

வேடன் சடையனுக்கும் நரைத்திருந்தது. பனிக்காலம் தொடங்கும்போது அவன் ஒரு கடமான் தோலைத் தோளில் சுமந்துகொண்டு மேலே வந்தான். அதை அவர் முன்னால் வைத்துவிட்டு அழுதான்.

"சினை மான்னு தெரியாம அம்பு விட்டுட்டேன் அம்மா. வயித்தைக் கிழிச்சப்புறம்தான் குட்டியைப் பார்த்தேன். அன்னைக்கிலேருந்து சோறு இறங்கல. வில்லை ஒடிச்சுப் போட்டுட்டேன். இதை எப்படி மறக்கிறது?"

"தோலை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"சாமியாருக்கு ஆசனமாக் கொடுத்தா பாவம் விட்டுரும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க."

"எனக்கு உட்காரத் தரை இருக்கு. உங்களுக்குத்தான் மேல்சட்டை இல்ல. இதைப் பதப்படுத்திச் சட்டை தைச்சுப் போட்டுக்கங்க, சடையண்ணே."

"இதையா? என் உடம்புலயா?"

அம்மை அடுப்பு மூட்டப் போய்விட்டார்.

கொடுத்துவிட்டுக் கை கழுவலாம் என்று வந்தவன் கையிலேயே பாவம் திரும்பி வந்து சேர்ந்தது. வேறு வழியில்லாமல் வேலையில் இறங்கினான். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரைச் சுரண்டினான். ஆவாரம் பட்டைச் சாற்றில் போட்டான். பிறகு பிழிந்து, ஈரம் முழுக்கப் போகும்வரை இழுத்து இழுத்துத் தேய்த்தான். காயும்போது கையை எடுத்தால் தோல் பலகையாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். கெட்டிக்காரன். தோல் மெத்தென்று வந்தது. குத்தூசியில் நரம்பு நூலைக் கோத்துத் தைத்துப் போட்டுக்கொண்டான்.

மறுநாள் விடியற்காலையில் சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனவன், பற்கள் தந்தியடிக்கத் திரும்பி வந்தான்.

"தோல்சட்டை போட்டுமா குளிருது?"

"முதுகுல ஏறுதும்மா."

அம்மை அவனைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் சட்டை தோளுக்குக் கீழேயே முடிந்திருந்தது. அதற்குக் கீழே இடுப்புவரை வெறும் முதுகு.

"பெரிய கடமானாச்சே. தோல் பத்தலையா?"

சடையன் சட்டையின் ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சடையண்ணே."

"தைக்கறப்போ அம்பு பட்ட இடத்தை வெட்டி எடுத்துட்டேன். பார்க்க முடியலம்மா. சுனைக்கு அந்தப் பக்கம் புதைச்சிட்டேன்."

"அம்பு போட்ட துளை எவ்வளவு?"

சுண்டுவிரலைக் காட்டினான்.

"நீங்க வெட்டினது?"

இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினான். காட்டும்போதே அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அம்மை மண்வெட்டியை எடுத்து நீட்டினார். போனான். தோண்டி எடுத்து, மண்ணை உதறித் துடைத்துக் கொண்டுவந்தான். அதற்குள் அவர் நரம்பு நூலை நனைத்து வைத்திருந்தார். இருவரும் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து அந்தத் துண்டைச் சட்டையின் முதுகில் சேர்த்துத் தைத்தார்கள்.

கடைசி முடிச்சைப் போட்ட பிறகு, தரையில் கிடந்த சிறு தோல் துணுக்கு ஒன்றை எடுத்துச் சடையன் அம்புத் துளையின்மேல் வைத்துப் பார்த்தான்.

"இதை மட்டுமாவது அடைச்சிடட்டுமா அம்மா?"

"வேணாம். அவ்வளவு குளிர் மட்டும் வரட்டும்."