ஆவுடை காத்த கடற்கோட்டை

ஒரு ஊர்ல, கடலைப் பாத்தாப்புல ஒரு கோட்டை இருந்துச்சு. அலை வந்து மதில்ல மொத்தும், தொபீர் தொபீர்னு. அதுக்குக் காவல்காரன் சப்பாணிமுத்து. அவன் பொண்டாட்டி ஆவுடை. காலை என் மேல போடாம கேளு. ம் கொட்டு, இல்லன்னா அத்தை நிறுத்திருவேன்.

ம்.

ஆங். வெளிய பாத்தாத்தான் கோட்டை. உள்ள ஒண்ணும் கெடையாது. சிப்பாய்ங்க எல்லாம் அறுவடைக்குன்னு ஊருக்குப் போனவனுங்க, போனவனுங்கதான். வெடிமருந்து மழையில நனைஞ்சு களியாப் போச்சு. பீரங்கி ஒண்ணே ஒண்ணு, அதுவும் துரு ஏறிக் கெடக்கு. இது பக்கத்து நாட்டு ராஜாவுக்குத் தெரிஞ்சா உடனே படையோட வந்துருவான். கோட்டையும் போயிரும், அதை நம்பிக் குடியிருக்கிற மீன்காரச் சனமும் நடுத்தெருவுல நிக்கும்.

அப்போ ஒரு நாள் காலையில, டொக் டொக்னு கதவைத் தட்டுற சத்தம். பாத்தா ஒரு சாமியாரு. "கடல்ல தீர்த்தமாட வந்தேன். அப்படியே கோட்டையையும் சுத்திப் பாத்துட்டுப் போறேன்"னாரு. சப்பாணிமுத்து இருக்கானே, அசட்டுப் பய, பல்லெல்லாம் தெரிய "வாங்க சாமி"ன்னு கதவைத் தொறந்துட்டான். ஆவுடை மட்டும் உத்துப் பாத்தா. காவி புத்தம் புதுசு. மீசையில முறுக்கு இன்னும் கலையல. இவன் பக்கத்து ராஜா அனுப்பின ஒற்றன்னு புரிஞ்சுபோச்சு. வெரட்டினாலும் சந்தேகப்படுவான், என்ன செய்வா பாவம்.

ம்.

"சிப்பாய்ங்க எங்கம்மா?"ன்னான் அவன். ஆவுடை பெரிய அண்டாவுல நெல் அவிச்சிட்டிருந்தா. "எல்லாரும் கடல்ல குளிக்கப் போயிருக்காங்க சாமி. வந்ததும் பசின்னு பறப்பாங்க, அதான் கஞ்சி காய்ச்சுறேன்."

"நெல்லு உமியோட வேகுதே?"

"எங்க ஆளுங்க உமியோடயே திம்பாங்க சாமி."

ஒற்றன் அண்டாவை விட்டு ரெண்டடி தள்ளி நின்னான்.

அப்புறம், "வெடிமருந்து வெச்சிருக்கிற அறை எது?"ன்னான். சப்பாணிமுத்து கையை நீட்டப் போனான், ஆவுடை அவன் காலை நறுக்குன்னு மிதிச்சா. விறுவிறுன்னு முன்னால போயி, அந்த அறை நெலையில ஒரு கொத்து வேப்பிலையைச் செருகிட்டா. "உள்ள எங்க மாமியாருக்கு அம்மை போட்டிருக்கு சாமி." வேப்பிலை செருகின வாசலை யாராவது தாண்டுவாங்களா? அவனும் கன்னத்துல போட்டுக்கிட்டு ஒதுங்கினான்.

"கோட்டைக்குள்ள மாமியாரா?"

"நான் எங்க போனாலும் கூடவே வருவாங்க சாமி."

அவனுக்குச் சந்தேகம் தட்டிருச்சு, இவ புளுகுறாடான்னு. "பீரங்கியையாவது காட்டும்மா"ன்னு மொறைச்சான். மதில் மேல ஏறினாங்க. நேரா போயி பீரங்கி வாய்க்குள்ள தலையை விட்டான். கொக்கொக்கொக்... படக். மூக்குல ஒரே கொத்து.

"என்னம்மா இது?"

ஆவுடைகிட்ட பொய் தீந்துபோச்சுடி. அழுகையே வந்துருச்சு. "கோழி சாமி. நாந்தான் அடை வெச்சேன். குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அதைத் தொடக் கூடாது"ன்னு உள்ளதை உள்ளபடி சொல்லிட்டா. ஒற்றன் அவ மூஞ்சியையே பாத்தான். இது பொய் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. மூக்கைப் பொத்திக்கிட்டு தடதடன்னு படி எறங்கி ஓடினான்.

"போச்சு, கோட்டை போச்சு"ன்னு சப்பாணிமுத்து மூட்டை கட்ட ஆரம்பிச்சான். வேற என்ன தெரியும் அவனுக்கு.

ம்.

அப்போ அங்க, பக்கத்து நாட்டு ராஜா படையோட தயாரா நிக்கிறான். "அவங்ககிட்ட எத்தனை பீரங்கிடா இருக்கு?"

"வேணாம் மகாராஜா, திரும்பிருவோம்"ன்னான் ஓடி வந்த ஒற்றன்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கோழி அடை காக்கவே தனியா ஒரு பீரங்கி குடுத்திருக்காங்க மகாராஜா. அப்போ சண்டைக்குன்னு எத்தனை வெச்சிருப்பாங்க?"

ராஜா யோசிச்சுப் பாத்தான். குதிரையைத் திருப்பினான். அவன் பின்னாலேயே படையும் டொக்கு டொக்குன்னு வீட்டைப் பாக்கப் போயிருச்சு.

...அடியே, ம் எங்க?

கோழி... அத்தை?

அது எந்திரிக்கவே இல்லடி. யார் வந்தா அதுக்கென்ன, யார் போனா அதுக்கென்ன. கதை கடலோட போச்சு, கண்ணு தூக்கத்தோட போச்சு. படு.