யுகியோவின் ஊதுபத்தி

ஜப்பானில் ஒரு மலைமேல் புத்த மடம். அங்கே குரு பன்சுய் இருந்தார். மனைவியைப் பறிகொடுத்த கெந்தோ, நாற்பது வயதுக்கு மேல் அவரிடம் சீடனாக வந்து சேர்ந்தான். வந்த அன்று மனைவியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதான். பிறகு அழவில்லை. கான்ஜி என்ற ஜப்பானியச் சித்திர எழுத்துகளைப் படிக்க உட்கார்ந்துவிட்டான்.

கான்ஜி லேசுப்பட்டதல்ல; ஒரே எழுத்துக்குப் பல ஓசைகள். மலையைக் குறிக்கும் எழுத்து தனியாக நின்றால் ‘யாமா’. ஃபுஜி மலையின் பெயரோடு சேர்ந்தால் அதே எழுத்து ‘சான்’. கெந்தோ எல்லா ஓசைகளையும் நெட்டுருப் போட்டான். கூடவே தலைக்கனமும் வந்தது. வராமலா இருக்கும்?

ஒருநாள் குருவிடம் கேட்டான்.

“ஓசையெல்லாம் மனப்பாடம், குருவே. ஆனாலும் புதிதாக ஒரு சொல் வந்தால், இங்கே எந்த ஓசை என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

“நாளைக்குப் பெயர்களை நீ படி” என்றார் குரு. “அதற்கு முன்னால் வாசலில் எல்லாருக்கும் தேநீர் கொடு.”

பகலும் இரவும் சமமாகும் வாரம் அது. இறந்தவர்களின் பெயர் எழுதிய சிறு பலகைகளோடு சுற்று வட்டாரத்து மக்கள் வருவார்கள். மடத்தில் பெயரைப் படித்ததும், அந்த வீட்டார் எழுந்து போய் ஊதுபத்தி ஏற்றுவார்கள். வழக்கமாகக் குருதான் படிப்பார். அதற்குமுன் வாசலில் தேநீர் ஊற்றிக்கொண்டே, “வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்?” என்று ஒவ்வொருவரையும் கேட்பார்.

மறுநாள் குரு ஒரு நோயாளியைப் பார்க்கக் கீழே போய்விட்டார். தேநீர் ஊற்றுவதா என் வேலை என்று நினைத்தான் கெந்தோ. கெட்டிலைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு நேரே மண்டபத்துக்குப் போனான்.

கணீரென்று படித்தான். எங்கும் தடுமாறவில்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். ஒரு பெண் மட்டும் கையில் ஊதுபத்தியோடு உட்கார்ந்திருந்தாள். கோடையில் ஆற்றோடு போன மகனுக்காக முதல்முறையாக வந்தவள்.

“என் பையனை நீங்க கூப்பிடவே இல்லையே, சாமி.”

கெந்தோ பலகைகளைப் புரட்டினான். “இதோ. கோசெய். படித்தேனே.”

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

“அவன் யுகியோ, சாமி.”

“அப்படியும் படிக்கலாம், அம்மா. இந்த எழுத்துகளுக்கு இரண்டு ஓசையும் உண்டு.”

அவள் குனிந்து வணங்கினாள். ஊதுபத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மலையிறங்கிப் போனாள்.

சாயங்காலம் கெந்தோ நடந்ததைச் சொன்னான். “நான் படித்தது தவறா, குருவே?”

“இரண்டு ஓசையும் உண்டுதான்” என்றார் குரு.

அடுத்த நாள் குருவே படித்தார். அன்று கெந்தோவின் மனைவியின் பலகையும் அடுக்கில் இருந்தது. அவள் போனபின் வரும் முதல் வழிபாடு. கெந்தோ ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது எழுந்து போனார்கள். “ஷுன்கா” என்றார் குரு. யாரும் எழவில்லை. யாரோ வரவில்லைபோல என்று கெந்தோ நினைத்தான்.

குரு கடைசிப் பலகையையும் படித்துக் கவிழ்த்து வைத்தார்.

கெந்தோ துள்ளி எழுந்தான். ஷுன்கா!

“ஹருகா!” என்று கத்தினான். “குருவே, அவள் பெயர் ஹருகா! உங்களுக்குத் தெரியாதா?”

மண்டபமே அதிர்ந்துபோனது. குழந்தை ஒன்று வீறிட்டது. அந்த மடத்தில் வழிபாட்டின்போது யாரும் குரல் உயர்த்தியதில்லை.

குரு அந்தப் பலகையை எடுத்து நிதானமாகப் பார்த்தார்.

“இரண்டு ஓசையும் உண்டுதானே?”

கெந்தோவின் பிடியில் ஊதுபத்தி ஒடிந்தது.

குரு மேடையிலிருந்து இறங்கி வந்து வேறொரு ஊதுபத்தியை நீட்டினார். “ஹருகா” என்று மெல்லக் கூப்பிட்டார். கெந்தோ போய் ஏற்றினான். வந்த அன்று அழுததைப்போலவே அழுதான். அழுது முடியும்வரை குரு பக்கத்திலேயே நின்றார்.

“நீ கத்தினாய்” என்றார் பிறகு. “நேற்று அந்த அம்மா கத்தவில்லை. அவள் எந்த ஊர்?”

வாசலில் தேநீர் ஊற்றாத கெந்தோ அவளிடம் அதையும் கேட்டிருக்கவில்லை.