ஜமீன்தாரின் பிறந்த நட்சத்திரம்

மருதங்குளம் ஜமீன்தார் வைகாசி மாதம், கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்தவர். பிறந்தநாள் விருந்தினருக்குப் புதிய தொலைநோக்கியில் அந்த ஆறு விண்மீன்களையும் காட்டியே தீர வேண்டும் என்றார்.

தொலைநோக்கியைப் பராமரித்து, அதில் நாள்தோறும் பார்த்துப் பழகிய வெள்ளத்தாய், "இப்ப தெரியாதுங்க எசமான்" என்றாள்.

"இந்தச் சீமையில என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. இன்னிக்கே காட்டு, இல்லேன்னா வேலையை விட்டுப் போயிடு."

"அப்ப உச்சிவேளைக்கு எல்லாரையும் மாடிக்குக் கூட்டிட்டு வாங்க."

அக்னி நட்சத்திர வெயில். செருப்பைக் கீழே கழற்றிவிட்டு வந்த பெரிய மனிதர்கள் சுடுதளத்தில் கால்மாற்றி நின்றார்கள். வெள்ளத்தாய் தொலைநோக்கியின் மூடியைத் திறக்காமல் வானத்தைக் கைகாட்டினாள்.

"எசமான் நட்சத்திரம் அங்கதான் இருக்கு. இந்த மாசம் சூரியனோட சேர்ந்தே உதிச்சு சேர்ந்தே அடையுது. நீங்க சொன்னா கேக்காதவங்க உண்டா? சூரியனைச் சித்த தள்ளி நிக்கச் சொல்லுங்க, காட்டிடறேன்."

விருந்தினர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஒற்றைக்காலில் நின்றபடி ஜமீன்தார் கேட்டார்: "அது எப்பத்தான் தெரியும்?"

"ஆனியில விடியுமுன்ன கிழக்கே எட்டிப் பார்க்கும். கார்த்திகை மாசம் ராமுழுக்கத் தெரியும்."

"அப்ப கார்த்திகையில தெரியட்டும். இது என் உத்தரவு" என்று சொல்லிவிட்டு அவர் படிக்கட்டுக்கு ஓடினார்.

அந்த உத்தரவை வானம் ஒருமுறைகூட மீறவில்லை. வெள்ளத்தாயும் வேலையை விடவில்லை.