திங்கட்கிழமைக்குத் திரும்பிய பில்

இது நான் நேரில் பார்த்ததல்ல; அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த தோழி சொன்னது.

ஜவுளிக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்யும் கம்பெனி அது. அங்கே எல்லாரும் ஒரே லாகின் பெயரில்தான் மாற்றங்களைச் சேமிக்க வேண்டும் என்பது மேலாளர் தணிகாசலத்தின் உத்தரவு. அதனால் எதை யார் மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் பட்டுப்புடவைக்குப் பூஜ்யம் ரூபாய் என்று பில் வந்தது.

"நான் அதைத் தொட்டதே இல்லை. புதுசா வந்த நீதான் கெடுத்திருப்பே," என்று பயிற்சிக்கு வந்திருந்த இசக்கியம்மாள் மேல் பாய்ந்தார் தணிகாசலம். "நீ இல்லைன்னு மத்தியானத்துக்குள்ள நிரூபி. இல்லேன்னா மூட்டையைக் கட்டு."

எல்லாருக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டு எதை நிரூபிக்கச் சொல்கிறார்? இசக்கிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கணினியில் கொஞ்ச நேரம் தட்டினாள்.

"சார், எல்லாத்தையும் திங்கட்கிழமை இருந்த மாதிரியே ஆக்கிட்டேன். பில் சரியா வருது. அதுக்கப்புறம் யார் என்ன சேர்த்திருந்தாலும் இப்ப இல்லை."

"இல்லையா? ஐயோ, நேத்து என் மச்சான் கடைக்கு நான் போட்ட ஆடித் தள்ளுபடி?"

அறையே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"பத்திரமா இருக்கு சார், சேமிச்ச ஒவ்வொரு மாற்றமும் கம்ப்யூட்டர்ல தனித்தனியா இருக்கும், எதுவும் அழியாது." அதை மட்டும் திரும்பச் சேர்த்தாள். புடவை மறுபடி பூஜ்யத்துக்கு வந்தது.

பிறகு விசாரித்துப் பார்த்தேன். இசக்கி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இப்போது அவரவர் பெயரில்தான் சேமிக்க வேண்டுமாம், தணிகாசலம் உட்பட.