வெள்ளை வேட்டியோடு மாடம் ஏறியவர்

ரொம்ப காலத்துக்கு முன்னால், கடலோரத்தில் இருந்த முத்துத்துறை நாட்டைப் பரிதிவளவன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். சூரியனே தனக்கு உறவுக்காரன் என்று அவருக்கு நினைப்பு. நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு.

ஒரு வருஷம் சூரியன் மங்கிப்போனது. நடுப்பகலில்கூட வெறுங்கண்ணால் பார்க்கலாம், தேய்க்காத பித்தளைத் தட்டு மாதிரி இருந்தது. சாயங்காலமானால் வானமெல்லாம் சிவப்பு.

சபையில் மதனகேசரி என்று ஒருவர். ராஜா தும்மினாலும் புகழ்கிறவர். "பிரபு! தங்கள் ஒளியைப் பார்த்துச் சூரியன் வெட்கப்படுகிறான். அதுதான் முகம் சிவக்கிறது. களஞ்சியத்தைத் திறந்து நாற்பது நாள் விருந்து வையுங்கள்!" என்றார்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாளும் குறித்தாயிற்று.

அந்த நேரம் பார்த்து, அரண்மனைக்குச் சலவை செய்யும் பூவாயி கொண்டுவந்த வேட்டியெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. பூவாயி இடுப்பில் கைக்குழந்தையோடு, தலை நிமிராமல் நின்றாள்.

"சோம்பேறி! அடுப்புப் பக்கத்தில் காயப்போட்டிருக்கிறாள்" என்றார் மதனகேசரி.

"இல்ல சாமி. கடற்கரையிலதான் காயப்போட்டேன். காத்து கடல்ல இருந்து வருது. அங்க ஏது அடுப்பு?"

"அப்படியானால் அழுக்காக்கினவனை மூன்று நாளில் கொண்டுவந்து நிறுத்து. முடியாவிட்டால் பிள்ளையோடு எல்லை தாண்டிப் போய்விடு" என்றார் ராஜா.

பூவாயி கடற்கரைக்குப் போனாள். கொடியில் தூளித்துணி இன்னும் ஈரமாகவே கிடந்தது. கீழே அலை ஒதுக்கிப்போட்ட கல் ஒன்று. குதிகால் தேய்க்க ஆகுமே என்று எடுத்து வாளியில் போட்டாள். மிதந்தது! கல் எங்கேயாவது மிதக்குமா? துறையில் வந்து இறங்கிய தீவுக் கப்பல்காரரிடம் ஓடிப்போய்க் கேட்டாள். அவர் சொன்னதைக் கேட்டதும் பிள்ளையை இறுகக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் சபைக்கு வந்தாள்.

"எங்கே அவன்?"

"காட்டுறேன் சாமி. மதனகேசரி ஐயா ஒத்தாசை பண்ணணும். புது வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, மணிமாடத்து மேல பொழுது சாயுறவரைக்கும் உக்காரட்டும். கதவை நீங்களே பூட்டிடுங்க."

மாடத்து மேலே அடுப்பும் இல்லை, ஆளும் இல்லை. சாயங்காலம் இறங்கி வந்த மதனகேசரிக்கு வேட்டி, மீசை, புருவம் எல்லாம் சாம்பல். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

"யாருய்யா பூசியது?"

"யாருமே வரவில்லை பிரபு... மேலே இருந்துதான்..."

பூவாயி அந்தக் கல்லை ராஜாவின் தண்ணீர்ச் செம்பில் போட்டாள். மிதந்தது. சிரிப்பு நின்றது.

"கடலுக்கு அந்தாண்ட ஒரு மலை நெருப்பக் கக்கி வெடிச்சுப்போச்சாம் சாமி. அதோட கல்லு தண்ணியில வருது, சாம்பல் வானத்துல வருது. சூரியன் வெக்கப்படல. அந்தச் சாம்பல்தான் அவரு முகத்தை மூடிக்கிடக்கு. எம் புள்ள துணி காயவே மூணு நாளாகுது. இந்த வெயில்ல நெல்லு எப்படி விளையும்? கப்பல்காரரு ஏழு துறைமுகம் பாத்துட்டு வந்திருக்காரு. எந்த ஊர்லயும் அரிசி விக்க ஆளில்லையாம், கேக்கத்தான் ஆளாம். இருக்கிறதையும் விருந்து வச்சுத் தீத்துட்டா, விதைக்கு எங்க போவோம்?"

ராஜா குனிந்து தன் சாம்பல் வேட்டியைப் பார்த்தார். பிறகு களஞ்சியச் சாவியை எடுத்து நீட்டினார். "இது உன் முந்தானையில் இருக்கட்டும், தாயி. வீட்டுக்கு வீடு கஞ்சிக்கு மட்டும் அளந்து கொடு. விதைநெல்லை நானே கேட்டாலும் கொடுக்காதே."

மதனகேசரி மெல்ல நழுவப் பார்த்தார்.

"நில்லும்! விருந்து உண்டு. தினமும் வெள்ளை வேட்டியோடு மாடம் ஏறும். என்றைக்கு வெள்ளையாக இறங்குகிறீரோ, அன்றைக்கு விருந்து."

அந்த வருஷம் எந்தத் தேசத்திலும் சரியாக விளையவில்லை. முத்துத்துறைக்காரர்கள் கஞ்சி குடித்தார்கள், ஆனால் யாரும் ஊரை விட்டுப் போகவில்லை. தினமும் மதனகேசரி ஏறினார், இறங்கினார். பூவாயி அந்த வேட்டியைத் துவைத்துக் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம், "வெள்ளை! வெள்ளை!" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தார். அதற்குள் நடக்கப் பழகியிருந்த பூவாயியின் பிள்ளை, கஞ்சிக் கையோடு ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டது. வேட்டியில் ஐந்து விரலும் பதிந்தது. மதனகேசரி ராஜாவைப் பார்த்தார்.

"அந்தக் கறை சேர்த்தி இல்லை" என்றார் ராஜா. "உலை வையுங்கள்."