இருபத்திரண்டு ஆமென்

உபதேசியார் வேதமாணிக்கம் ஒரு தாயின் ரகசியத்தை ஜெபத்தில் போட்டு உடைத்துவிட்டார்.

அவள் பேர் அன்னப்பழம். பீடி சுற்றிப் பிழைப்பவள். மகள் யாரோடோ போய்விட்டாள். மதுரையில் சித்தி வீட்டில் இருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தாள். உபதேசியாரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"ஜெபத்துல வச்சுக்கோங்க" என்றாள்.

வைத்தார். அவள் வீட்டு ஜெபக்கூட்டத்திலேயே வைத்தார். கண்ணை மூடி, கையை உயர்த்தி, தெருவுக்கே கேட்கும்படி வைத்தார்.

"கண்டவனோடு ஓடிப்போன இந்த வீட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வாரும் ஆண்டவரே!"

வந்திருந்த இருபத்திரண்டு பேரும் ஆமென் என்றார்கள்.

கண்ணைத் திறந்தபோது எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் எழுந்து போய்ச் சுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். உபதேசியாருக்கும் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் கோவிலுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

உபதேசியாருக்கு ஜெபம் நின்றுபோனது.

சபைப் போதகர் பாக்கியநாதன் ஐயரிடம் போனார். ஐயருக்கு நாற்பது வயது. உபதேசியாருக்கு அறுபத்தொன்று. ஐயர் முற்றத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"முழங்கால் போட்டா வாய் வரமாட்டேங்குது, ஐயா."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"பக்கத்து வீட்டுக்காரங்க நல்லாத் தூங்கியிருப்பாங்க."

"கேலி வேண்டாம்யா. மன்னிப்புக் கேக்கணும். எப்படிக் கேக்கன்னு தெரியல."

"இப்பக் கேளுங்க."

உபதேசியார் மணலில் முழங்கால் போட்டார். தொண்டையைச் செருமினார். ஐயர் முன்னால் என்றதும் வாய் வந்துவிட்டது.

"வானாதி வானங்களும் கொள்ளாத மகா பரிசுத்தரே, கேருபீன்களின் மத்தியில் வாசம்பண்ணுகிறவரே, அண்ட சராசரங்களையும்..."

ஐயர் எழுந்து உள்ளே போனார். பசையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். உபதேசியார் இன்னும் அண்ட சராசரத்தில்தான் இருந்தார்.

"ஆண்டவர் வந்து ரொம்ப நேரமாச்சு" என்றார் ஐயர். "விஷயத்தைச் சொல்லுங்க."

உபதேசியார் நிறுத்தினார்.

"அவதான் ஜெபத்துல வைக்கச் சொன்னா, ஐயா."

"ஆண்டவருக்குத் தெரியாதுன்னுதான் சத்தமாச் சொன்னீங்களா?"

உபதேசியார் தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"யாருக்குச் சொன்னீங்க?"

டியூபில் பசை காய்ந்தது. ஐயர் ஊதிப் பார்த்தார். அவசரப்படுத்தவில்லை.

"அந்த ஆமென்..." என்றார் உபதேசியார். "இருபத்திரண்டு பேரு, ஒரே குரலா. உடம்பு சிலிர்த்துப்போச்சு. நல்லா இருந்துச்சு, ஐயா."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இதை ஆண்டவர்கிட்ட சொன்னீங்களா?"

"வெக்கமா இருக்கு."

"அதையும் சொல்லலாம்."

ஐயர் டயரை மாட்டிக் காற்றடித்தார்.

"அவ வீட்டுக்குப் போங்க. போய் ஜெபம் பண்ணிராதீங்க. உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேளுங்க."

"அவகிட்டயா?"

"வேற யாருகிட்ட?"

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

உபதேசியார் அந்த வீட்டை இரண்டு தரம் தாண்டிப் போனார். மூன்றாவது தரம் வாசலில் நின்றார்.

அன்னப்பழத்தின் மடியில் பீடி இலையும் தூளும் பரப்பிய சுளகு. தலை நிமிரவில்லை.

"இன்னும் நாலு வீட்டுக்குத் தெரியாதாம். அங்க போகலையா, உபதேசியாரே?"

அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டார்.

"எனக்காக ஜெபிக்கணும், தாயி."

"உங்களை மாதிரி எனக்கு ஜெபிக்க வராது."

"எனக்கும் வரல."

அவள் இலையை நறுக்கினாள். தூளை வைத்துச் சுருட்டினாள். நூலைக் கட்டினாள். இன்னொரு இலையை எடுத்தாள்.

அவர் வாசல்படிக்கு வெளியிலேயே முழங்கால் போட்டார். எலும்பு மடக்கென்றது. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டார்.

ஆறு பீடி ஆனது.

சுளகை இறக்கிவைத்து அவள் எழுந்து வந்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"ஏசப்பா, இந்த மனுசன் செஞ்சது எனக்கு இன்னும் எரியுது. ஆனா வாசல்ல வந்து கெடக்காரு. எம் பிள்ளையும் ஒரு நாள் இப்படித்தான் வந்து நிப்பா. ரெண்டு பேரையும் உள்ள விடும்."

உபதேசியார் ஆமென் சொன்னார். சத்தம் வரவில்லை.

"எந்திரிங்க" என்றாள். "படியில வெயிலு."

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். பின்வரிசையில் இருந்தாள். உபதேசியாரும் பின்வரிசையில் இருந்தார்.

ஆராதனை முடிந்து ஐயர் அங்கியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"அவ என்ன ஜெபிச்சா?"

உபதேசியார் வாயைத் திறந்தார். மூடினார்.

"அது ஆண்டவருக்குத் தெரியும், ஐயா. அப்புறம் அன்னப்பழத்துக்கு."