கடைசியாக ஏறுபவருக்குப் பரிவட்டம்

மாதம் மும்மாரி பொழிகிறதா என்று அரசர் மந்திரியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட காலம் அது. சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தால் போதும் என்று யாருக்கும் தோன்றாத காலம். அந்தக் காலத்துக் கதை இது. சின்னவர்கள் கேட்கலாம். பெரியவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஓர் ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும் இடத்தில் நடுத்திட்டு என்றோர் ஊர் இருந்தது. நல்ல மண், நல்ல மஞ்சள் விளைச்சல், நல்ல மக்கள். ஒரே ஒரு வியாதிதான். எதிலும் முதல் மரியாதை யாருக்கு என்கிற வியாதி.

அந்த ஊரின் பெரிய மனிதர்கள் மூன்று பேர்: அருமைநாயகம், கொழுந்துவேலர், மதிவாணர். கல்யாணத்தில் முதல் வெற்றிலை மூவருக்கும் வேண்டும். கோயிலில் முதல் பரிவட்டம் மூவர் தலைக்கும் வேண்டும். சாவு வீட்டில் முதல் மாலையை மூவருமே போட வேண்டும். இந்தச் சண்டையைப் பார்க்காமல் படுத்திருக்கக் கொடுத்து வைத்தவர் அந்தப் பிணம் ஒருவர்தான்.

ஒரு வருடம் வெள்ளம் வந்து பாதி ஊரை அடித்துக்கொண்டு போனது. அரசர் வருந்தினார். அடுத்த வெள்ளத்துக்குத் தயாராக இருங்கள் என்று பெரிய பரிசல் ஒன்று, கனத்த கயிறு, மூட்டை மூட்டையாக அவல் எல்லாம் அனுப்பி வைத்தார். அவலை அக்கரைக் கரட்டுக் குன்றின் மேல் பத்திரப்படுத்தினார்கள். பரிசலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்கள். வெள்ளம் வந்தால் முதலில் யாரை ஏற்றுவது என்பது மட்டும் பாக்கி.

அதற்குக் கூட்டம் போட்டார்கள். முதல் கூட்டத்தில் மூவரும் சண்டை போட்டார்கள். இரண்டாம் கூட்டத்தில் மூவரின் மைத்துனர்களும் சேர்ந்து சண்டை போட்டார்கள். மூன்றாம் கூட்டத்தில் ஒரே ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். நாலாவது கூட்டம் போடுவது என்று.

பரிசல் ஓட்டுவதற்குக் குப்பாச்சி என்ற பெண்ணை வைத்திருந்தார்கள். கையும் வாயும் வலுத்தவள். அவளுக்கு இருந்த ஒரே உறவு தங்கை வேலாத்தா. அந்தத் தங்கை அப்போது மாசமாக இருந்தாள். அதனால் மூன்று கூட்டத்திலும் குப்பாச்சி எழுந்து ஒன்றையேதான் சொன்னாள்.

“ஏனுங்க, நடக்க முடியாதவங்க யாரு, நோய்ல கெடக்கறவங்க யாரு, யாரு வீட்டுல கைக்கொழந்தை இருக்குதுன்னு இப்பவே பேசி வெச்சுக்கலாமுங்களே. அவங்களத் தூக்கிட்டு வர்றது யாருன்னும் பேசிக்கலாமுங்க.”

“மொதல்ல மரியாதை முடிவாகட்டும். மத்ததெல்லாம் பொறவு” என்றார் அருமைநாயகம். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். மூவரும் ஒன்றாகத் தலையாட்டியதை ஊரே அதிசயமாகப் பார்த்தது.

ஆறு நாலாவது கூட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஐப்பசி அடைமழையில் ஒரு காலைப்பொழுது இரண்டு பக்கமும் பொங்கி வந்தது. ஊர் முழுக்கத் துறைக்கு ஓடி வந்தது. அங்கே மூன்று பெரிய மனிதர்களும் ஆளுக்கொரு காலைப் பரிசலுக்குள் வைத்துக்கொண்டு நின்றார்கள். இன்னொரு காலை வைக்க ஒருவர் மற்றவரை விடவில்லை. பெரியவர்கள் ஏறாமல் தாங்கள் எப்படி ஏறுவது என்று ஊர் கைகட்டி நின்றது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகும் கைகட்டி நிற்பதற்குப் பெயர் பணிவா?

துறையோரம் கயிற்றுக் கட்டிலில் வேலாத்தா வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் கால்களைத் தண்ணீர் தொட்டுவிட்டது.

குப்பாச்சி முதலில் கெஞ்சினாள். பிறகு திட்டினாள். இரண்டும் பலிக்காமல் போகவே, மூன்றாவதாக ஒரு பொய் சொன்னாள்.

“சொல்ல மறந்துட்டனுங்க. நேத்து அக்கரையில அரமனை ஆளப் பாத்தேன். வெள்ளம் வந்தா, எல்லாத்தையும் ஏத்திவிட்டுட்டுக் கடைசியா ஏறுறவங்களுக்குத்தான் ராசா கையால பரிவட்டமாமுங்க.”

மூன்று கால்களும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெற்றிலைப் பெட்டியைவிடக் கனமான எதையும் தூக்கியறியாத அருமைநாயகம் வேலாத்தாவின் கட்டிலுக்குத் தோள் கொடுத்தார். கண் தெரியாத கிழவரைக் கொழுந்துவேலர் முதுகில் சுமந்து வந்தார். காய்ச்சல் குழந்தைகளை இடுப்புக்கு ஒன்றாக மதிவாணர் தூக்கி வந்தார். குப்பாச்சி கூப்பிடக் கூப்பிட, முடியாதவர்கள் முதலில், குழந்தைகள் அடுத்து, மற்றவர்கள் அதற்கடுத்து என்று பரிசல் போய்ப் போய் வந்தது. ஆள் தீர்ந்ததும் ஆடுகளை ஏற்றினார்கள். ஆடு தீர்ந்ததும் கோழிகளைத் துரத்திப் பிடித்தார்கள்.

கடைசியில் மூவர் மட்டும் மிஞ்சினார்கள்.

“நீங்க ஏறுங்க” என்றார் அருமைநாயகம், முழங்கால் தண்ணீரில்.

“உங்களுக்கு முந்தியா? ஆகாதுங்க” என்றார் கொழுந்துவேலர், இடுப்புத் தண்ணீரில்.

“எனக்கொண்ணும் அவசரமில்லீங்க” என்றார் மதிவாணர், மார்புத் தண்ணீரில். பல் கிட்டிப்போய் அவர் பேச்சு பாதிதான் வந்தது.

குப்பாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. கயிற்றை வீசினாள். மூவரையும் ஒரே சுற்றாய் வளைத்து, பரிசலில் கூட வந்த இளவட்டங்களோடு சேர்ந்து இழுத்தாள். மூவரும் ஒரே குவியலாகப் பரிசலுக்குள் விழுந்தார்கள். அக்கரை போய்ச் சேரும்வரை யாருடைய கால் கடைசியாக உள்ளே வந்தது என்ற வழக்கு நடந்தது. அங்கே வேலாத்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தங்கையும் குழந்தையும் பிழைத்ததைக் கண்டு, குப்பாச்சி கரட்டுப் பாறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மழை விட்டதும் அரசர் வந்தார். மூவரும் பரிவட்டம் கேட்டார்கள்.

“எந்தப் பரிவட்டம்?” என்றார் அரசர்.

எல்லோரும் குப்பாச்சியைப் பார்த்தார்கள். அரசர் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னால் அந்தக் காலத்தில் நாக்கை அறுத்துவிடுவார்கள். குப்பாச்சி குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள்.

“பொய்தானுங்க சாமி. நெசத்த மூணு கூட்டத்துலயும் சொன்னேன். ஒருத்தருங் கேக்கல.”

அரசர் ஈர மண்ணில் எல்லோருக்கும் முன்னால் தாமே உட்கார்ந்தார். “இப்போது சொல், கேட்கிறேன்” என்றார்.

அடுத்து உட்காருவது யார் என்று அருமைநாயகம் வாயெடுத்தார். அவர் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார். குழந்தை பால் குடித்து முடிப்பதற்குள், யாரை முதலில் ஏற்றுவது, யார் தூக்கி வருவது என்று முடிவாகிக் கூட்டமும் முடிந்தது.

இந்தக் கதை சொல்லும் நீதி: ஆபத்து வரும்போது முதலில் காப்பாற்ற வேண்டியது இயலாதவர்களை என்பதை, ஆபத்து வருவதற்கு முன்பே உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.